ராங்ளர்களை உருவாக்கியவர்கள்: கேம்பிரிட்ஜின் கணிதத் தனிப்பயிற்சி வரலாறு

கணிதத்தில் தனிப்பயிற்சி என்பது வகுப்பில் பின்தங்கிய மாணவரைக் கைதூக்கிவிடுவதற்காக ஏற்பட்டது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் அதன் வரலாற்றில் மிக விரிவாகப் பதிவாகியுள்ள பகுதி இந்தக் கருத்துக்கு நேர்மாறானது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கட்டணம் கொடுத்துத் தனியாகக் கணிதம் பயின்றவர்களுள் முன்வரிசையில் நின்றவர்கள் அங்கிருந்த மிகச் சிறந்த மாணவர்களே. ஸ்டோக்ஸ், கெய்லி, கெல்வின், மேக்ஸ்வெல், ராலே, ஜே. ஜே. தாம்சன் என இன்றைய பாடநூல்களில் விதிகளாகவும் சமன்பாடுகளாகவும் பெயர் நிலைத்திருக்கும் பலர், பேராசிரியர்களின் விரிவுரை மண்டபங்களில் பெற்றதைவிடத் தனியாசிரியர் ஒருவரின் அறையில் பெற்ற கணிதப் பயிற்சியே மிகுதி. பல்கலைக்கழகம் தடை விதித்தும் ஒழிக்க முடியாத இந்த வழக்கம், எந்தத் தடையும் இல்லாத காலத்தில் தானாகவே தேய்ந்து மறைந்தது. அது ஏன் தோன்றியது, எவ்வாறு வளர்ந்தது, எதனால் மறைந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை, தேர்வுக்கும் கற்பித்தலுக்கும் இடையிலிருந்த தொலைவில் அடங்கியிருக்கிறது.

முதலில் அந்தத் தேர்வின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். பட்டம் பெற விழைந்த மாணவர்களைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் கூட்டி நடத்திய தேர்வு, பதினெட்டாம் நூற்றாண்டில் படிப்படியாகக் கணிதத்தை மையமாகக் கொண்டதாக மாறி, பின்னாளில் கணித டிரைபாஸ் என்ற பெயரால் வழங்கலாயிற்று. இதில் சிறப்புத் தகுதி பெற்றவர்கள் மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டார்கள். முதல் வகுப்பினர் ராங்ளர் என்றும், இரண்டாம் வகுப்பினர் சீனியர் ஆப்டிமி என்றும், மூன்றாம் வகுப்பினர் ஜூனியர் ஆப்டிமி என்றும் அழைக்கப்பட்டனர். ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் மதிப்பெண் வரிசைப்படி பெயர்கள் வெளியிடப்பட்டதால், முதலிடம் பெற்ற சீனியர் ராங்ளரின் பெயர் நாடெங்கும் நாளிதழ்களில் வந்தது. அந்த இடம் வெறும் பெருமையோடு நின்றுவிடவில்லை. உயர்ந்த இடம் பெற்றவருக்குக் கல்லூரி நல்கை உறுப்பினர் பதவியும், அதன் வழியாகச் சட்டத்துறையிலோ திருச்சபையிலோ கல்வித்துறையிலோ வாழ்நாள் முழுவதற்குமான வாய்ப்பும் திறந்தன. 1869இல் வெளியான தம் நூலில் பிரான்சிஸ் கால்டன் இத்தேர்வின் கடுமையை எண்களில் காட்டினார். நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரமாக எட்டு நாள் நடந்த தேர்வில் மொத்த மதிப்பெண் ஏறத்தாழ 17,000 என்றால், முதலிடம் பெற்றவர் 7,500க்குச் சற்று மேலாகவும், பட்டியலின் கடைசியில் நின்றவர் 300க்கும் குறைவாகவும் எடுத்திருந்தார். முதல்வரே பாதி மதிப்பெண்ணை எட்டாத தேர்வில், அறிந்ததை எழுதுவது போதாது. அறிந்ததைக் கடும் வேகத்தில் பிழையின்றி எழுதப் பழகியிருக்க வேண்டும்.

இத்தகைய பழக்கத்தை அளிக்கும் கடமையைப் பல்கலைக்கழகம் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. பேராசிரியர்கள் எண்ணிக்கையில் மிகச் சிலர். அவர்களுடைய விரிவுரைகளும் பெரும்பாலும் தேர்வோடு தொடர்பற்றவை. கற்பித்தல் கல்லூரிகளின் பொறுப்பு என்றிருந்தாலும், கல்லூரி ஒவ்வொன்றிலும் ஓரிரு ஆசிரியர்கள் வடிவியலின் முதற்பாடம் அறியாதவரையும் நுண்கணிதத்தில் தேர்ந்தவரையும் ஒரே அறையில் அமர்த்திப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. அந்த வகுப்பு யாருடைய வேகத்துக்கும் பொருந்தவில்லை. ஆகவே, சில ஆண்டுகளுக்கு முன் இதே தேர்வில் உயர்ந்த இடம் பெற்ற இளைஞர் ஒருவரை அணுகி, பருவத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் பேசி, அவருடைய அறைக்குச் சென்று பயில்வது வழக்கமாயிற்று. இவர்களே தனியாசிரியர்கள், மாணவர் வழக்கில் இவர்களுக்குக் கோச் என்ற பெயர் பின்னர் நிலைத்தது.

இவ்வழக்கம் தேர்வின் நடுநிலையைக் கெடுக்கும் என்ற அச்சம் தொடக்கத்திலேயே எழுந்தது. தனியாசிரியர்களுள் சிலரே தேர்வாளர்களாகவும் அமரக்கூடும் என்பதும், வசதியற்ற மாணவர் பின்தங்கிவிடுவார் என்பதும் முறையான கவலைகளே. பல்கலைக்கழகம் 1777இலும் 1781இலும் விதிகளை இயற்றி, தேர்வுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் தனிப்பயிற்சி பெற்றவர் சிறப்புத் தகுதிக்கு உரியவர் ஆகமாட்டார் என்று அறிவித்தது. ஆனால் அறைக்கதவுகளுக்குப் பின்னால் நடப்பதை எந்த விதியாலும் கண்காணிக்க இயலவில்லை. தடைக்காலம் 1807இல் ஒன்றரை ஆண்டாகவும், 1815இல் ஓராண்டாகவும், 1824இல் ஆறு மாதமாகவும் சுருங்கிப் பின்னர் வழக்கொழிந்தது. மீறப்படுவது தெரிந்தே விதி தளர்த்தப்பட்டதற்குக் காரணம் எளியது: தடுத்தவர்களிடம் மாற்றாகக் கொடுப்பதற்குக் கற்பித்தல் எதுவும் இல்லை.

இதே காலத்தில் தேர்வின் வடிவமும் மாறிக்கொண்டிருந்தது. இலத்தீன் மொழியில் வாதிட்டும் மறுத்தும் தகுதியை நிறுவிய பழைய வாய்மொழி முறை செல்வாக்கிழந்து, வினாத்தாளைப் பெற்று விடைகளை எழுதும் முறை மேலோங்கியது. பாடத்தின் உள்ளடக்கத்திலும் புரட்சி நிகழ்ந்தது. சார்லஸ் பாபேஜ், ஜான் ஹெர்ஷல், ஜார்ஜ் பீகாக் ஆகிய மாணவர்கள் 1812இல் பகுப்பாய்வுக் கழகம் ஒன்றைத் தொடங்கி, நியூட்டனின் புள்ளிக் குறியீட்டைக் கைவிட்டு ஐரோப்பியக் கண்டத்தின் நுண்கணித முறைகளை ஏற்க வேண்டும் என்று வாதிட்டனர். 1817இல் பீகாக் தேர்வாளரானபோது புதிய குறியீட்டைத் தம் வினாத்தாளில் கையாண்டார். வினாத்தாளில் நுழைந்த புதுமையை மாணவரின் கைப்பழக்கமாக மாற்றியவர்களுள் தனியாசிரியர்கள் முதன்மையானவர்கள். பழைய நூல்களோடு பிணைந்திருந்த கல்லூரி விரிவுரைகளைப் போலன்றி, அவர்களுடைய பிழைப்பே அடுத்த ஆண்டின் வினாக்களோடு பிணைந்திருந்தது. தேர்வு அகலமாகும் காலத்தில் தனிப்பயிற்சி அறிவைப் பரப்பும் கருவியாகும் என்பதற்கு இது சான்று. தேர்வு குறுகும் காலத்தில் அதே பயிற்சி என்னவாகும் என்பதை நூற்றாண்டின் இறுதி காட்டியது.

தனிப்பயிற்சியை வாழ்நாள் தொழிலாக உயர்த்தியவர் வில்லியம் ஹாப்கின்ஸ். 1793இல் பிறந்த இவர் சஃபோக் மாவட்டத்தில் விவசாயம் செய்து, அதில் நட்டப்பட்டு, முதல் மனைவியையும் இழந்து, நிலத்தை விற்றுக் கடனைத் தீர்த்துவிட்டு ஏறத்தாழ முப்பது வயதில் பீட்டர்ஹவுஸ் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். 1827ஆம் ஆண்டுப் பட்டியலில் ஏழாவது ராங்ளராகத் தேறிய அவருக்குக் கல்லூரி உறுப்பினர் பதவி கிட்டவில்லை. மணமாகாதவர்களுக்கே அப்பதவி உரியது என்ற விதி அப்போது நடைமுறையில் இருந்தது. ஹாப்கின்ஸோ மறுமணம் செய்துகொண்டவர். குடும்பத்தைக் காப்பாற்றத் தனிப்பயிற்சியைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. மாணவர்களின் திறனை முதலில் கவனித்தறிந்து, ஒத்த திறனுடையவர்களைச் சிறு குழுக்களாக்கிக் கற்பித்த அவருடைய முறை பெரும் பயன் விளைத்தது. 1849ஆம் ஆண்டளவில் அவருடைய மாணவர்களுள் ஏறத்தாழ 200 பேர் ராங்ளர்களாகியிருந்தனர். அவர்களுள் 17 பேர் முதலிடமும், 44 பேர் முதல் மூன்று இடங்களுள் ஒன்றும் பெற்றிருந்தனர். 1841இல் ஸ்டோக்ஸ், 1842இல் கெய்லி, 1852இல் டெய்ட் என முதலிடம் பெற்றவர்களும், 1845இல் இரண்டாமிடத்தில் தேறிப் பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தாம்சனும் அவரிடம் பயின்றவர்களே.

மாணவர்களைத் தேர்வுக்குத் தயார்செய்பவர் என்று மட்டும் ஹாப்கின்ஸைக் கருதுவது பிழை என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. நாட்டிங்காமில் மாவு ஆலை நடத்திய ஜார்ஜ் கிரீன் என்பவர், மின்னியலுக்கும் காந்தவியலுக்கும் கணிதப் பகுப்பாய்வைப் பொருத்தி 1828இல் ஓர் ஆய்வுரையை வெளியிட்டிருந்தார். சந்தாதாரர்களின் உதவியால் அச்சான அந்நூல் அறிஞர்களின் கவனத்துக்கு வராமலேயே மறைந்திருந்தது. ஒரு மேற்கோளின் வழியாக அதன் பெயரை அறிந்த தாம்சன் பல இடங்களில் தேடியும் அது கிடைக்கவில்லை. 1845 ஜனவரியில் தேர்வு முடிந்து கேம்பிரிட்ஜை விட்டுப் புறப்படும் தறுவாயில் அவர் அதைப் பற்றி ஹாப்கின்ஸிடம் பேச, தம்மிடம் சில படிகள் இருப்பதாகக் கூறி ஆசிரியர் அவற்றை எடுத்துக் கொடுத்தார். தாம்சன் அவற்றைப் பாரிஸுக்குக் கொண்டு சென்று அங்கிருந்த கணித அறிஞர்களுக்குக் காட்டினார். அது பின்னர் ஆய்விதழில் மறுபதிப்பாகவும் வந்தது. இன்று பொறியியல் மாணவர் கற்கும் கிரீன் தேற்றம் உலகின் பார்வைக்கு வந்த வழி, ஒரு தனியாசிரியரின் நூலடுக்கு வழியாகவே அமைந்தது.

ஹாப்கின்ஸின் மாணவராக 1854இல் முதலிடம் பெற்ற எட்வர்டு ஜான் ரவுத் இத்தொழிலை அதன் உச்சத்துக்குக் கொண்டு சென்றார். கனடாவின் கியூபெக்கில் 1831இல் பிறந்த இவர், மின்காந்தக் கொள்கையை வகுத்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்லை இரண்டாமிடத்தில் நிறுத்தி அந்த வெற்றியைப் பெற்றார். 1855 முதல் 1888 வரை அவரிடம் பயின்ற மாணவர்கள் 600 பேருக்கும் மேல். அவர்களுள் 25க்கும் மேற்பட்டோர் சீனியர் ராங்ளர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓராண்டும் தவறாமல் முதலிடம் அவருடைய மாணவருக்கே சென்றது. ராலே பிரபு, ஜோசப் லார்மர், எலெக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சன், மெய்யியலாளர் ஒயிட்ஹெட் ஆகியோர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். இயங்கும் அமைப்பு ஒன்று நிலைத்த தன்மையுடையதா என்பதைச் சமன்பாட்டைத் தீர்க்காமலே கெழுக்களை அட்டவணையிட்டு அறியும் ரவுத் முறையைத் தமிழ்நாட்டின் மின்பொறியியல் மாணவர்கள் இன்றும் தேர்வில் எழுதுகிறார்கள். அதை வகுத்தவர் நாள்தோறும் மணிக்கணக்கில் பாடம் சொன்ன தனியாசிரியர் என்பது பலரும் அறியாதது.

அவருடைய கற்பிக்கும் முறை திட்டமிட்ட ஒழுங்கில் அமைந்தது. பத்துப் பேருக்கு மிகாத குழு ஒன்று நாள்விட்டு நாள் குறித்த நேரத்தில் அவருடைய அறையில் கூடும். சரியாக ஒரு மணி நேரம் அவர் கரும்பலகையில் விளக்குவார். பாடநூல்களிலும் ஆய்விதழ்களிலும் சிதறிக் கிடந்தவற்றைத் தாமே செம்மையாக்கி எழுதி வைத்த கையெழுத்துப் படிகள் மாணவர் அறையில் இருக்கும். அவற்றை மாணவர்கள் அங்கேயே அமர்ந்து படியெடுத்துக்கொள்ள வேண்டும். வாரந்தோறும் தேர்வில் வருவதைப் போன்ற வினாத்தாள் ஒன்று வழங்கப்படும். தேற்றங்களையும் அவற்றின் நிறுவல்களையும் அப்படியே எழுதுவது நூற்பாடம் எனவும், அவற்றைப் புதிய சூழலுக்குப் பொருத்தித் தீர்ப்பது புதுக்கணக்கு எனவும் பிரித்தறியப்பட்ட அக்காலத்தில், இரண்டிலும் வேகத்தைக் கூட்டுவதே இவ்வாராந்தரத் தாள்களின் நோக்கம். அவர் திருத்தித் தரும் விடைகளோடு மதிப்பெண் வரிசையும் அறையில் வைக்கப்படும். தாமே எழுதிய முன்மாதிரி விடைகளும் அருகில் இருக்கும். தம் தவறு எங்கே நேர்ந்தது, தாம் மூன்று பக்கத்தில் செய்ததை ஆசிரியர் எவ்வாறு அரைப் பக்கத்தில் முடித்தார் என்பதை மாணவர் தாமே ஒப்பிட்டறிய இவ்வேற்பாடு வழிவகுத்தது. மூன்றாண்டுப் பாடம் முழுவதும் முன்கூட்டியே பகுக்கப்பட்டிருந்தது. இறுதிப் பகுதி திருப்புதலுக்கே ஒதுக்கப்பட்டது. இன்றைய பயிற்சி நிலையங்களின் அச்சிட்ட குறிப்புகள், வாரத்தேர்வு, தரப்பட்டியல், திருப்புதல் வகுப்பு ஆகிய அனைத்தும் இந்த அறையில் ஒருங்கே காணக்கிடைத்தன.

இம்முறையின் விலையும் கவனிக்கத்தக்கது. கல்லூரிக் கட்டணத்துக்கு மேல் தனியாசிரியருக்கும் செலுத்த இயலாதவருக்கு உயர்ந்த இடம் எட்டாக்கனியாகவே இருந்தது; 1850இல் அமைக்கப்பட்ட அரச ஆணையமும் இப்பயிற்சியின் செலவைக் குறையாகச் சுட்டியது. ஆயினும் நிறுவனங்கள் மூடிய கதவுகளுள் ஒன்றைத் திறக்கத் தனிப்பயிற்சி துணைநின்றதும் உண்மை. பட்டம் பெறும் உரிமையே இல்லாதிருந்த பெண்கள், 1880களின் தொடக்கத்தில் இத்தேர்வை எழுத முறையான அனுமதி பெற்றனர். எர்னஸ்ட் ஹாப்சனிடம் தனிப்பயிற்சி பெற்ற நியூன்ஹாம் கல்லூரி மாணவி பிலிப்பா ஃபாசெட், 1890இல் ஆண்களின் பட்டியலில் முதலிடம் பெற்றவரைவிட அதிக மதிப்பெண் எடுத்துச் சீனியர் ராங்ளருக்கும் மேலே என்று அறிவிக்கப்பட்டார். பெண்களுக்கு முழுமையான பட்டத்தைக் கேம்பிரிட்ஜ் வழங்கியது 1948இல்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தேர்வே தேங்கிப்போனது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் கணிதம் புதிய அடித்தளங்களை நோக்கி நகர்ந்துகொண்டிருக்க, டிரைபாஸ் வினாக்கள் நுணுக்கமான உத்திகளைச் சோதிப்பதிலேயே நின்றன. பயிற்சியும் அந்த எல்லைக்குள் சுருங்கியது. ரவுத்துக்குப் பின் புகழ்பெற்ற தனியாசிரியரான ராபர்ட் ரம்சி வெப்பிடம் சேர்ந்த ஜி. எச். ஹார்டி, இந்தப் பயிற்சியில் மனம் கசந்து கணிதத்தையே விட்டுவிட எண்ணினார். ஏ. ஈ. எச். லவ் என்ற ஆசிரியரின் அறிவுரையால் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோர்டானின் நூலைப் படித்தபோதே கணிதம் இன்னதென்று அவருக்கு விளங்கியது. 1898இல் நான்காவது ராங்ளராகத் தேறிய அவர், பின்னாளில் மதிப்பெண் வரிசை முறையை ஒழிக்கப் போராடியவர்களுள் முன்னணியில் நின்றார். சீர்திருத்தம் 1907இல் ஏற்கப்பட்டது. 1909ஆம் ஆண்டோடு சீனியர் ராங்ளர் என்ற இடம் வரலாறாயிற்று.

ஹார்டி வெறுத்த இதே பயிற்சி மரபின் எச்சம் ஒன்று, அவருடைய வாழ்வின் மிகப் பெரிய கண்டுபிடிப்புக்கும் காரணமாயிற்று. ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் என்பவர் லண்டனில் தனிப்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். நாற்பதை நெருங்கும் வயதில் கேம்பிரிட்ஜில் சேர்ந்து, லார்மரும் ஜே. ஜே. தாம்சனும் முதலிரண்டு இடங்களைப் பெற்ற 1880ஆம் ஆண்டுப் பட்டியலில் இரண்டாம் வகுப்பில் பன்னிரண்டாமவராகத் தேறினார். தம் பயிற்சிக் குறிப்புகளின் அடிப்படையில் தூய கணிதத்தின் முடிவுகளை ஆயிரக்கணக்கில் எண்ணிட்டு வரிசைப்படுத்தி அவர் அதே ஆண்டில் வெளியிடத் தொடங்கிய தொகுப்பு நூல், கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்துக்கு வந்து, 1903ஆம் ஆண்டளவில் பள்ளி மாணவரான சீனிவாச ராமானுஜனின் கையில் கிடைத்தது. தேர்வுக்கு முன் திருப்பிப் பார்ப்பதற்கான நூலாதலால் அதில் நிறுவல்கள் மிகச் சுருக்கமாக இருந்தன அல்லது இல்லாமலே இருந்தன. கேம்பிரிட்ஜ் மாணவருக்கு அந்த இடைவெளியை நிரப்ப ஆசிரியர் அருகில் இருந்தார். ராமானுஜனுக்கு யாரும் இல்லை. ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவப் புகுந்த அவர், நூல் நின்ற இடத்தைக் கடந்து சென்றார். கல்லூரித் தேர்வுகளில் தோற்று வருவாயின்றி இருந்த ஆண்டுகளில் அவரும் மாணவர்களுக்குத் தனியாகக் கணிதம் கற்பித்துப் பிழைக்க முயன்றார். ஒரே கணக்குக்குப் பல வழிகளைக் காட்டி, பாடத்திட்டத்தை விட்டு வெகுதூரம் சென்றுவிடும் ஆசிரியரால் தேர்வை எதிர்நோக்கிய மாணவர்களைத் தக்கவைக்க இயலவில்லை. 1913இல் ராமானுஜன் தமக்கு எழுதிய கடிதத்தின் மதிப்பை உணர்ந்தவர் ஹார்டி. அதே ஆண்டில் ராமானுஜனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை கிடைக்கப் பரிந்துரைத்தவர்களுள் ஒருவரான கில்பர்ட் வாக்கர், 1889ஆம் ஆண்டின் சீனியர் ராங்ளர்.

தனியாசிரியர்கள் மறைந்ததற்குத் தரவரிசை ஒழிந்தது மட்டுமே காரணமன்று. 1882ஆம் ஆண்டு விதிகள் கல்லூரி உறுப்பினர்கள் மணம் செய்துகொள்ள இடமளித்ததால், ஹாப்கின்ஸையும் ரவுத்தையும் போன்ற திறமையாளர்கள் குடும்ப வாழ்வுக்காகக் கல்லூரியை விட்டு வெளியேற வேண்டிய நிலை நீங்கியது. ட்ரினிட்டி கல்லூரியின் ராபர்ட் ஹெர்மன் கல்லூரி உறுப்பினராக இருந்துகொண்டே தனியாசிரியருக்கு நிகரான நெருக்கத்தோடு கற்பித்தார். கல்லூரிகள் பாடங்களைப் பகிர்ந்து நடத்தத் தொடங்கியதால் விரிவுரைகள் மாணவரின் நிலைக்கேற்பப் பிரிந்தன. ஒருவரோ இருவரோ மூவரோ ஆசிரியரின் எதிரில் அமர்ந்து, தாம் தீர்த்துவந்த கணக்குகளை அவரோடு விவாதிக்கும் முறை கல்லூரிக் கல்வியின் அங்கமாயிற்று. இன்றும் கேம்பிரிட்ஜில் தொடரும் இம்முறை, ரவுத்தின் அறையில் நடந்ததன் சிறந்த பகுதியைத் தனிக் கட்டணமின்றி எல்லா மாணவருக்கும் உரியதாக்கியது.

இவ்வரலாறு உணர்த்தும் பாடம் இந்தியச் சூழலுக்கும் நேரடியாகப் பொருந்துவது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 28ஆம் பிரிவில் எந்த ஆசிரியரும் தனிப்பயிற்சியில் ஈடுபடக் கூடாது என்று விதிக்கிறது. அதன் நோக்கம் நேர்மையானது, வகுப்பறையில் கொடுக்க வேண்டியதை வெளியே விற்கலாகாது என்பதே. எனினும், மாணவரின் பிழையைக் கண்டு திருத்தும் நேரமும், அவருடைய வேகத்துக்கேற்ற சிறு குழுவும், வாரந்தோறும் திருத்தித் தரப்படும் பயிற்சித் தாளும் பள்ளிக்குள் கிடைக்காதவரை, அவற்றைத் தேடும் பெற்றோர் எந்தத் தடையையும் தாண்டிச் செல்வர். அந்தத் தேடலில் தோற்பவர்கள் கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளைகளே. கேம்பிரிட்ஜ் 1777 முதல் அரை நூற்றாண்டு காலம் தடை விதித்துத் தோற்றது. தனியாசிரியர் செய்ததைத் தானே செய்ய முன்வந்த பிறகே வென்றது. கணிதத்தை எல்லோருக்கும் உரியதாக்க விரும்பும் எந்த அரசும் எந்தப் பள்ளியும் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.